அண்ணா தேக்கிய தண்ணீர்

அண்ணா மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுதச் சொன்னார்கள் சொந்தக்காரர்கள். அண்ணாவின் மனைவி, எங்கள் மன்னிதான், "நல்லதை மட்டும் எழுதினா அது வேற யாரோ ஆயிடும். நடந்ததை எழுதுங்கோ" என்றார். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஊரான ஸ்ரீவராகத்தில் பிறந்தவர் அண்ணா. அப்பாவுக்குக் கோயில் மடைப்பள்ளியில் வேலை. பல நாள் எங்கள் மத்தியானச் சாப்பாடு கோயில் சோறுதான். எனக்குப் படிப்பு ஏறவில்லை, அண்ணாவுக்கு ஏறியது. மின்வாரியப் பொறியாளராகி, மலையில் ஓர் அணைக்குப் பொறுப்பேற்றார். தங்கைகள் இருவரின் கல்யாணத்தையும் அவரே முன்னின்று நடத்தினார்.

வீட்டு மாடியில் சோலார் வைத்தபோது அண்ணாவின் தங்கை கணவர், என் அத்திம்பேர், சீண்டினார்: "இனி உம்ம அணையைப் பூட்டிண்டு வந்துடலாம், ஓய்!"

அண்ணா சிரித்தார். "பகல்ல சரி. சாயங்காலம் ஊரே ஸ்விட்சைப் போடறச்சே வெயிலை எங்கேர்ந்து கொண்டு வருவேள்? பகல்ல தண்ணியைத் தொடாம வெச்சிண்டா, கரியும் புகையும் இல்லாம ராத்திரிக்கு கரண்ட் ஆச்சு, கேட்டேளா?"

நிறைந்த அணையைப் பார்த்தால் அவருக்கு வயிறு நிறைந்துவிடும். அந்த ஆசையே வினையாயிற்று. ஓர் ஐப்பசியில், துலா மழைக்காலத்தில், அணை விளிம்புவரை வந்தும், கோடைக்கு ஆகட்டும் என்று தண்ணீரைத் திறக்காமல் வைத்திருந்தார். ஒரு பிற்பகல் மலையில் கொட்டிய மழைக்கு அணையில் இடமில்லை. மதகுகளை ஒரேயடியாகத் திறக்க வேண்டி வந்தது. கீழே அன்று தூறல்கூட இல்லை. எச்சரிக்கை வண்டி போய்ச் சேருமுன் ஆறு கரையோரக் கடைகளுக்குள் புகுந்துவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை, அண்ணா மேல் குற்றமும் இல்லை என்று விசாரணை முடிந்தது.

அதன்பின் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யார் கேட்டாலும் "கவர்மெண்ட்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எங்களுக்கும் அது சௌகரியமாகவே இருந்தது.

அந்தக் கரையில் டீக்கடை வைத்திருப்பவர் நாகர்கோவில் பக்கத்துப் பகவதி அக்கா. ஓய்வு பெற்ற அண்ணா அங்கே அடிக்கடி போவார், டீ குடிப்பார், சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்புவார். நோய் முற்றியபின் என்னைத் துணைக்கு அழைத்துப் போய், "அன்னிக்குத் தண்ணியைத் தேக்கி வெச்சது நான்தான்" என்றார்.

அந்த அக்கா டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மழைக்கு நீங்க என்ன செய்விய, சாரே? தண்ணிய வெச்சதும் எங்களுக்கு வெளக்கு எரியத்தானே. ஒரு போன் பண்ணியிருந்தியன்னா பசுவ அவுத்து விட்டிருப்பம்லா. கட்டுன கயித்தோட போச்சு."

அக்கா அண்ணாவின் டம்ளரை அருகே நகர்த்தினார்.

"டீ ஆறுது, குடிங்க."

குடித்தார். திரும்பும் வழியில், "உயிர்ச்சேதம் இல்லைன்னு நானும் கையெழுத்துப் போட்டேண்டா" என்றார். அப்புறம் ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த பழைய சகாக்களிடமெல்லாம், "மழைக்கு இடம் விட்டு வையுங்கோ. திறக்கறதுக்கு முன்னாடி கீழே சொல்லுங்கோ" என்பதே பேச்சாக இருந்தது.

அண்ணாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஈமக் காரியங்களை நடத்தித் தந்த வாத்தியாருக்கும், எங்களோடு நின்ற உறவினர் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பகவதி அக்காவுக்கு இந்த மலரை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் பெயருக்கு நேரே நன்றி என்று எழுதக் கை வரவில்லை.

எங்களை மன்னிக்க வேண்டும், அக்கா.