தைப்பூச விலைக்காகக் காத்திருந்த தேங்காய்கள்

தேங்காய் விலை எப்போது ஏறும் என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்கு வாய் ஓயாது. அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு கோடு போட்டுப் பார்க்க எனக்குக் கிடைத்தது தேங்காய் விலைதான். ஈப்போ வீட்டுச் சமையலறைச் சுவரில் கட்டம் போட்ட தாளை ஒட்டி, வாரா வாரம் மொத்த விலைக்கு ஒரு புள்ளி வைப்பேன். கடந்த நான்கு வருடமும் கோடு ஒரே மாதிரிதான் போனது. தீபாவளிக்கு ஏறும், மறுவாரமே விழும், தைப்பூசம் நெருங்க நெருங்க தீபாவளியையும் தாண்டிவிடும்.

தெலுக் இந்தான் ஊருக்கு வெளியே என் அப்பா விட்டுப்போன நான்கு ஏக்கர் தென்னை இருக்கிறது. அதை அழித்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை போட வேண்டும் என்பது என் வீட்டுக்காரரின் ஆசை. லாரி ஓட்டியவர், அவருக்குக் காத்திருப்பது என்றாலே ஆகாது.

"செம்பனைன்னா குலைய வெட்டுனமா, அன்னைக்கே மில்லுக்கு அனுப்புனமான்னு இருக்கலாம். ஒன் தேங்காய்க்குத்தான் நாள் நட்சத்திரம் பாக்க வேண்டியிருக்கு" என்பார்.

எனக்கோ அந்த மரங்கள் என்றால் உயிர். சண்டை போட்டு அலுத்துப்போய்க் கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். இந்தத் தைப்பூசத்துக்கு நான் நல்ல விலைக்கு விற்றுக் காட்டினால் மரங்கள் நிற்கும். இல்லாவிட்டால் மறுவாரமே மண் தோண்டும் மிஷின் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடும்.

தீபாவளி முடிந்து வெட்டிய காய்களை மட்டை உரிக்காமல் தோட்டத்துக் கொட்டகையில் குவித்து வைத்தேன். வழக்கமாக வாங்கும் வியாபாரித் தம்பி வந்து பார்த்தார்.

"இப்பவே குடுத்துருங்கக்கா, மழை காலம்லா" என்றார்.

குறைந்த விலைக்கு அமுக்கப் பார்க்கிறார் என்று எனக்குக் கோபம். "வெல எறங்கிக் கெடக்கறப்ப யாரு தம்பி விப்பா?" என்று அனுப்பிவிட்டேன்.

விலை ஏறியது. நான் சொன்ன வாரத்தில், நான் சொன்ன மாதிரியே ஏறியது. புள்ளி வைக்கும்போது ஒரு பாட்டும் கூட வரும். வீட்டுக்காரர் கோப்பி குடித்துக்கொண்டே சுவரைப் பார்க்காத மாதிரி பார்ப்பார். எனக்குத் தலைகால் புரியவில்லை. விலை இங்கே சுவரில் இருக்கும்போது அங்கே என்ன வேலை என்று இரண்டு மாதமாகத் தோட்டத்துப் பக்கமே நான் போகவில்லை.

தைப்பூசத்துக்கு ஒரு வாரம் முன்பு நானும் வீட்டுக்காரரும் வியாபாரியின் லாரியோடு தோட்டத்தில் போய் இறங்கினோம். கொட்டகைக் கூரை ஒழுகியிருந்தது. குவியல் முழுவதும் பச்சைப்பசேலென்று முளை விட்டிருந்தது. வியாபாரி ஒரு காயை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார்.

"தண்ணியே இல்லக்கா. உள்ள பூ வச்சிருச்சு. நேத்திக்கடனுக்கு ஒடைக்கிறவங்க இத வாங்க மாட்டாங்கக்கா."

"பூசைக் காயில பூ இருந்தா நல்ல சகுனம்பாங்க" என்றார் என் வீட்டுக்காரர். "இங்க ஆயிரம் காயிலயும் இருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த காயை அவர் தலையில் போட்டிருப்பேன். வந்த லாரி வெறும் லாரியாகத் திரும்பிப் போனது. நான் அந்தக் குவியல் மேலேயே உட்கார்ந்து அழுதேன். அதற்குப் பிறகு அவர் கேலி பேசவில்லை.

ஆனாலும் ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே. தைப்பூசம் முடிந்ததும் மிஷின்காரர் இடம் பார்க்க வந்தார். அவர் ஒவ்வொரு மரமாகத் தட்டி எண்ணிக்கொண்டு போக, நான் பின்னாலேயே நடந்தேன். எண்ணி முடித்தவர் கொட்டகை வாசலில் நின்றுவிட்டார்.

"அக்கா, இந்தத் தென்னங்கன்னெல்லாம் விக்கிறதுக்கா?"

"யாரு வாங்குவா?"

"நான் வாங்குறேன்க்கா. போன வருசம் நான் தென்னைய பிடுங்கிப் போட்ட ரெண்டு எடத்துல, இப்ப மறுபடி தென்னதான் வைக்கணும்னு நிக்கிறாங்க. தேங்கா வெல இந்த ஏறு ஏறுதுல்ல. கன்னுதான் எங்கயும் கெடைக்கல."

ஒரு கன்றுக்கு அவர் சொன்ன விலை, தைப்பூசத் தேங்காய் விலையைப் போல நான்கு மடங்கு. நான்கு வருடம் அந்தக் கோட்டைப் பார்த்தவள், அதே விலையைப் பார்க்கும் மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

என் வீட்டுக்காரர்தான் அசராமல் பேரம் பேசி இன்னும் கொஞ்சம் ஏற்றினார். மிஷின்காரர் குனிந்து கன்றுகளை எண்ணத் தொடங்கியதும் வீட்டுக்காரர் அவர் தோளைத் தொட்டார்.

"அந்த ஓரத்துல ஒரு நாப்பத விட்டுரு மச்சான். அது விக்கிறதுக்கு இல்ல."

"எதுக்குண்ணே?"

"பட்டுப்போன மரம் இருந்த எடமெல்லாம் காலியா கெடக்குல்ல."

மிஷின்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப மிஷினு வேணாமா?"

"அனுப்பு" என்றார் வீட்டுக்காரர். "நாப்பது குழிய யாரு கையால தோண்டுவா?"

அந்த ஆள் முன்னாலேயே நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.