சித்தியின் வலது கை நகங்கள்

என் சித்தியின் இரண்டு கைகளும் ஒன்றுபோல் இருந்து நான் பார்த்தது அபூர்வம். இடது கை நகங்கள் ஒட்ட வெட்டியிருக்கும். வலது கை நகங்கள் மட்டும் வெள்ளை விளிம்பு தெரிய வளர்ந்திருக்கும். கிடாரில் இடது கை தந்தியை அழுத்த வேண்டும், வலது கை மீட்ட வேண்டும், காரணம் அவ்வளவுதான். ஆனால் சித்தி நர்ஸ். ஆஸ்பத்திரியில் நகம் வளர்க்கக் கூடாது.

ஒரு கையில் மட்டும் கல்யாணப்பெண் மாதிரி நகம் வளர்ப்பதால், வார்டில் அவருக்கு 'அரை மணப்பெண்' என்று பட்டப்பெயர். மேட்ரன் எதிரே வந்தால் வலது கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய்விடும். பிடிபட்டால் அங்கேயே நின்று வெட்ட வேண்டும். பிறகு மறுபடி முதலிலிருந்து.

இந்த வருஷம் இசைப்பள்ளி ஆண்டு விழாவில் சோர் என்ற பழைய ஸ்பெயின்காரர் இரண்டு கிடார்களுக்காக எழுதிய ஒரு உருப்படியை வாசிக்க சித்திக்கு இடம் கிடைத்தது. கூட வாசிப்பவர் அதே வகுப்பில் படிக்கும் ஒரு இன்ஜினியர். சித்தி சேர்த்து வைத்திருந்த லீவையெல்லாம் எடுத்து நகம் வளர்த்தார். பாத்திரம் கழுவுவது சித்தப்பாவின் தலையில் விழுந்தது.

"பெத்த பிள்ளையைக்கூட இவ்வளவு பொத்திப் பொத்தி வளர்க்கலடி நீ," என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே கழுவினார்.

விழா நெருங்கியபோது மேட்ரன் போன் செய்தார். வார்டு முழுக்கக் காய்ச்சல், நர்ஸ்களே படுத்துவிட்டார்கள்.

"வர முடியாதுன்னு சொல்லுங்க சித்தி," என்றேன்.

"நகம் வளர்க்கறேன், வர முடியாதுன்னா? நல்லாவா இருக்கும்?"

ஜன்னலோரம் நின்று வெட்டினார். நாலு சத்தம் கேட்டது. சுண்டுவிரல் நகத்தை அவர் வளர்ப்பதில்லை. கிடாரில் அதற்கு வேலையில்லை.

அடுத்த ஒத்திகையில் இன்ஜினியர் பாதியிலேயே நிறுத்தினார். "என்ன மேடம், விரல்ல பஞ்சு சுத்திட்டு வாசிக்கற மாதிரி இருக்கு. ரெண்டு கிடாரும் ஒட்டவே இல்ல."

"ஒட்ட வேண்டாம் சார். இதை எழுதுன சோர் நகமில்லாமதான் வாசிப்பாரு. அவரோட நண்பர் அகுவாடோ நகத்தால வாசிப்பாரு. ரெண்டு பேரும் சேர்ந்து வாசிக்கத்தான் இதையே எழுதினாரு."

"இருக்கலாம். அவரு சோர். நீங்க நர்ஸ்."

கிடார் மாஸ்டர், "நீங்களே பேசி முடிவு பண்ணிக்குங்க," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவர் திரும்புவதற்குள், நீள நகம் வைத்திருந்த வேறொரு மாணவருக்குச் சித்தியின் இடம் போய்விட்டது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காய்ச்சல்காரர்களைப் பார்க்கப் போனதற்கு இதுதான் கூலியா? விழாவுக்குப் போகவே கூடாது என்றேன். சித்தி போனார், நானும் பின்னாலேயே போனேன்.

மேடையில் இருவரும் பிசிறில்லாமல் வாசித்தார்கள். ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்வதுபோல அமைந்த இசை அது. இரண்டு கிடாரிலும் ஒரே பளபளப்பான நாதம். எது கேள்வி, எது பதில் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அரங்கம் கைதட்டியது. சித்தியும் தட்டினார்.

பஸ்ஸில், "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"சுத்தமா வாசிச்சாங்க." இரண்டு நிறுத்தம் கடந்த பிறகு சொன்னார்: "ரெண்டு அகுவாடோ வந்திருந்தாங்க. சோர்தான் வரல."

மறுநாள் மேட்ரன் அவர் கையைத் திருப்பிப் பார்த்து, "இப்பதான் இது நர்ஸ் கை," என்றாராம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு, சித்தி பாத்திரம் கழுவப் போனார்.