ஊற்றிப் பார்க்காத டீசல்

பிள்ளைகளே, சுனாமிக்கு அடுத்த வருடம் என் கராஜுக்கு வந்த கந்தையாண்ணனின் தண்ணீர்ப் பம்பு கரும்புகை கக்கியது. மூன்று தரம் கழற்றிப் பூட்டியும் புகை நிற்கவில்லை. வயல் வட்டையில் அவருடைய நெல் தண்ணீரில்லாமல் காய்ந்துகொண்டிருந்தது.

எரிச்சலில், "சண்டைக்காலத் தட்டுப்பாட்டில மாதிரி டீசலுக்குள்ள கழிவு ஒயில் கலந்திருக்கீங்க!" என்று கத்தினேன்.

"சத்தியமா இல்ல மனே," என்றார் அவர்.

பல்கலைக்கழகக் கம்பஸில் படித்த என் தங்கை ஒரு படம் காட்டினாள். எஞ்சினில் கண்ணாடி ஜன்னல் வைத்து, லேசர் ஒளி பாய்ச்சி, உள்ளே டீசல் எரிவதை எடுத்த படம்.

"அண்ணா, டீசல் தூவலா விழாம சொட்டினா இப்பிடித்தான் கரியாகும்."

"கண்ணாடி எஞ்சினால வயலுக்குத் தண்ணி இறைப்பியா?" என்று நக்கலடித்தேன். ஆனாலும் டீசல் பீச்சும் நொசிலைக் கழற்றி, டீசல் பாய்ச்சிப் பார்த்தேன். சொட்டியது. முதல் தரமே பழையதை மாற்றி, புதியதுதானே என்று நான் சோதிக்காமல் பூட்டிய நொசில்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். கந்தையாண்ணன் டீசல் கேனை நீட்டினார்.

"இப்பவாவது ஊத்திப் பாரு மனே."

ஊற்றினேன். டீசல் கறுப்பேதுமில்லாமல் தெளிவாக இருந்தது. அதைப் பார்க்க எனக்கு லேசர் தேவைப்பட்டிருக்காது.