டவுன் பஸ்ஸில் போன மில் வீட்டுப் பிள்ளை

"மில் வீட்டுப் பிள்ளைக்கு என்ன குறை?" ராஜபாளையத்தில் என்னிடம் இதைக் கேட்காத ஆள் கிடையாது. இதற்குப் பதில் சொல்லக் கூடாது, சிரிக்க வேண்டும். படிப்பு முடியும்வரை நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பாவின் நூல் மில்லில் எனக்கென்று ஏசி அறை தயாராக இருந்தது. எனக்கோ கணக்கு வாத்தியார் ஆக ஆசை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. "ஆசைக்குக் கொஞ்ச நாள் போயிட்டு வா. பொறவு இங்கதான்" என்று அப்பா விட்டார். காரில் போய் இறங்கக் கூச்சமாக இருந்ததால் டவுன் பஸ்ஸில் போனேன். ஜன்னலோரம் யாருடைய மகனாகவும் இல்லாமல் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தைவிட நல்ல நேரம் எனக்குப் பிறகு வாய்க்கவே இல்லை.

ஊர் சும்மா இருக்குமா? மில் வீட்டுப் பையன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறான் என்றால் மில் படுத்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். கடனுக்குப் பஞ்சு கொடுத்திருந்த வியாபாரிகள் அப்பாவிடம் அடிக்கடி நலம் விசாரித்தார்கள். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தங்கையைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப்போடச் சொல்லிவிட்டார்கள்.

அப்பா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன். சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, "ஏலே, நாளைக்கு அவ கல்யாணமாகாம வீட்டோட கெடந்தா நீ வந்து பதில் சொல்லுவியா?" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கை குனிந்த தலை நிமிரவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாளே வேலையை விட்டேன். பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளவில்லை, சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம். அப்பா சொன்னபடி, கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு ஊர் பார்க்க மில்லுக்குப் போனேன். ஊர் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டாரும் கேள்விப்பட்டு, நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள்.

நிச்சயதார்த்தத்தன்று காலையில் தங்கை பட்டுச்சேலையோடு என் அறைக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

"ஏண்ணே வேலைய விட்டே?"

"எல்லாம் உனக்காகத்தான்."

"அவுக தள்ளிப் போட்டதும் நான் எம்புட்டு சந்தோஷப்பட்டேன் தெரியுமா? நீ இன்னும் கொஞ்ச நாள் பஸ்ல போயிருந்தா வேண்டாம்னே சொல்லியிருப்பாக."

மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டதாகக் கீழேயிருந்து அம்மா கூப்பிட்டாள். தங்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினாள். நானும் பின்னாலேயே போய், வாசலில் நின்று எல்லாரையும் கைகூப்பி வரவேற்றேன்.