ஓரக்கோட்டு மாப்பிள்ளை

வந்தவாசிப் பக்கத்து வேதாச்சலத்துக்கு உலகத்தில் ஒரே பகை, சாராயம். மூத்த மாப்பிள்ளை குடித்துக் குடித்தே பெண்டாட்டியைக் கண்ணீரும் கம்பலையுமாகப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியவன். ஆந்திர எல்லையில் தடா பக்கம் கம்பெனி வேலைக்குப் போன சின்னவள் தேன்மொழி, கூட வேலை செய்யும் பிச்சாட்டூர் ஹரிபாபுவைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது அவர் கேட்டது ஒன்றுதான்: குடிப்பானா? தொடவே மாட்டான், ஞாயிற்றுக்கிழமையானால் பந்து ஆடுவான் என்றாள். சூடு கண்ட பூனை சும்மா நம்பிவிடுமா? யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார்.

பிச்சாட்டூர் மைதானத்தில் பையனைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. மகள் போனில் காட்டிய முகம், இடது ஓரக்கோட்டை ஒட்டித் தனியாக நின்றது. அதுதான் அவன் வேலையாம். பந்து வந்ததும் எதிராளிக்குப் பெப்பே காட்டிவிட்டு வலப்பக்கமாக உள்ளே வளைந்து கோலுக்கு அடிக்க வேண்டும் என்று பக்கத்தில் நின்றவர் விளக்கினார். ஹரிபாபுவோ வளையாமல் நேரே மூலைக்கு ஓடி, பந்தை முள்வேலிக்குத் தானம் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினான். வேதாச்சலத்துக்கு அவனைப் பிடித்துவிட்டது.

அப்போதுதான் ரேணிகுண்டாவிலிருந்து வந்திருந்த கோச் சம்பத் கத்தினார். "குடிக்கி ரா! ஹரீ, குடி! குடி!"

வேதாச்சலத்துக்குப் பகீரென்றது. பட்டப்பகலில் பெரிய மனுஷன் ஒருத்தன் பையனைப் பார்த்துக் குடி என்கிறான். சுற்றி நின்றவர்கள் கண்டிக்காவிட்டால் போகட்டும், கூடச் சேர்ந்து கத்துகிறார்கள். பையனும் ஓடிக்கொண்டே தலையாட்டுகிறான். இடைவேளையில் கோச் திட்டத் திட்ட அவன் கைகட்டி எல்லைப்பக்கத்துக் கலப்புத் தமிழில் சொன்னது அதைவிட மோசம்.

"மறந்து மறந்து பூடுது சார். இனிமே வர்ற பந்துக்கெல்லாம் குடிதான்."

மூத்தவள் முகம் கண்முன் வந்தது. சின்னவளையும் பாழுங்கிணற்றில் தள்ளப் பார்த்தோமே என்று வெளியே வந்து, வேர்க்கடலை விற்கிறவளிடம் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார்.

"குடிக்கி போண்டி," என்றாள் அவள்.

இந்த ஊரில் பொம்பளைகளுமா என்று நொந்துபோய், தான் அதெல்லாம் தொடுவதில்லை என்றார். செவிட்டுக் கிழவன் என்று நினைத்தாளோ என்னவோ, அவள் அவருடைய வலது கையைப் பிடித்துத் தூக்கி, "இதி குடி," என்று ஆட்டிக் காட்டினாள். பிறகு இடது கையைத் தட்டி, "இதி எடம," என்றாள்.

வேதாச்சலம் தன் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் சோறு தின்ற கை, இன்றைக்குத்தான் அதன் தெலுங்குப் பெயர் தெரிகிறது. பஸ்ஸை மறந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினார்.

ஹரிபாபு காலில் பந்து. மறுபடியும் நேரே மூலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான். வேதாச்சலம் கோச்சை முந்திக்கொண்டு கோட்டருகில் நின்று அடித்தொண்டையில் கத்தினார்.

"குடி, மாப்ளே, குடி!"

மாப்பிள்ளையா என்று பையன் திகைத்து நின்றான். பந்து தன்பாட்டுக்கு உருண்டு வெளியே போயிற்று. கோச்சுக்கு வந்ததே கோபம், யாரய்யா நீ, ஆட்டத்தைக் கெடுக்கவா வந்தாய் என்று அரைத் தமிழில் பாய்ந்தார்.

"பொண்ணு குடுக்க வந்தேன்," என்றார் வேதாச்சலம்.