ஜோடி அடாப்டர்

இது உண்மையாக நடந்தது. நம்பாதவர்கள் இங்கேயே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை. பேய்க்கதை சொல்கிறவர்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டவள்தான் நானும். நான் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் பேய்களுக்குப் பனி மூடிய ஒரு மாளிகையாவது இருக்கும். எனக்கு வாய்த்தது ப்ளக் பாயின்ட் வழியாக வந்தது.

அன்று மாலை ஆறரைக்கு எனக்கு ஆன்லைன் நேர்காணல். மொழிபெயர்ப்புப் படிப்புக்கு. மூன்று வருடம் விண்ணப்பித்து, முதல் முறையாகக் கூப்பிட்டிருந்தார்கள். கீழ்வீட்டில் அக்காவின் இரட்டைக் குழந்தைகள் மாறி மாறி அலறும். மாடியறைக்கு வைஃபை எட்டாது. அக்கா புருஷன் ஒரு பெட்டியோடு வந்தார். அத்தானுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. தெரிந்த விஷயமும் கிடையாது.

"ஜோடி அடாப்டர். ஒண்ணு கீழ மோடத்துக்கிட்ட, ஒண்ணு மேல. கரண்ட் வயர்லயே நெட் ஏறி வந்துரும்."

"மாடிக்குத் தனி மீட்டர், அத்தான். வேற வேற லைன்ல வேலை செய்யாதுன்னு அட்டையிலயே போட்டிருக்கு."

"அட்டையைப் படிக்கிறவ எல்லாம் இன்ஜினியர் ஆயிட்டா நாங்க எதுக்கு?"

அத்தான் விற்பது மெத்தை.

இரண்டு அடாப்டரிலும் பட்டன் உண்டு. மேலே ஒன்றை அமுக்கி, இரண்டு நிமிடத்துக்குள் கீழே மற்றதை அமுக்கினால் ஜோடி சேரும். நான் அமுக்கினேன். சிவப்பு விளக்கு கண்சிமிட்டியது. எங்கேயோ... டக்.

பச்சை.

"வந்துருச்சு அத்தான்!" என்று படியில் நின்று கத்தினேன்.

சற்றுப் பொறுத்துத்தான் கீழிருந்து குரல் வந்தது. "நான் சொன்னேன்ல!"

ஒரு மெத்தை வியாபாரியிடம் தோற்றுவிட்டேன்.

ஆறரை. நான் லிங்க்கைத் தொடுவதற்குள் அழைப்பே வந்துவிட்டது. கறுப்புத் திரை. ஓர் ஆண் குரல். பின்னால் 'ம்ம்ம்' என்று மெல்லிய இரைச்சல். ஒரு கேமரா வாங்க வக்கில்லாத கல்லூரி என்று நினைத்துக்கொண்டேன்.

"அறையில் தனியாக இருக்கிறீர்களா?"

காப்பியடிப்பதைத் தடுக்கிறார்களாம். "ஆமா சார்."

"கதவு சாத்தியிருக்கிறதா?"

"ஆமா."

"அந்தச் சுவரில் எத்தனை ப்ளக் பாயின்ட்?"

இது என்ன கேள்வி... எண்ணிப் பார்த்தேன். "மூணு சார்."

6.41. மாடியில் கரண்ட் போனது. மின்விசிறி நின்றது. கீழே மட்டும் வெளிச்சம். அது வேறு மீட்டர். லேப்டாப் பேட்டரியில் ஓடும், சரி. ஆனால் அடாப்டர்?

பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"இருட்டாகிவிட்டதா?" என்றது குரல். "நல்லது. இப்போதுதான் சரியாகத் தெரிகிறீர்கள்."

ம்ம்ம்... அந்த இரைச்சல் லேப்டாப்பிலிருந்து வரவில்லை.

சுவரிலிருந்து வந்தது.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மூன்று வருடம் காத்திருந்த சீட்.

"தேர்வாகிவிட்டீர்கள். எப்போது எங்களோடு சேர முடியும்?"

சொன்னேன்.

டக்.

விளக்கு அணைந்தது.

மறுநாள் காலை கல்லூரியிலிருந்து மின்னஞ்சல். இருபது நிமிடம் காத்திருந்தார்களாம். நான் இணைப்பில் வரவே இல்லையாம். என் இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

கீழே இறங்கி அத்தானைப் பிடித்தேன். "என்ன லட்சணத்துல கனெக்‌ஷன் கொடுத்தீங்க?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். பிறகு அந்தப் பெட்டியை எடுத்து நீட்டினார். கீழே மாட்டவேண்டிய அடாப்டர் பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. ஒட்டியிருந்த டேப்கூடப் பிரியவில்லை.

"வேற மீட்டர்னு நீ சொன்னதும் வேலைக்கு ஆகாதுன்னு புரிஞ்சுபோச்சு. அதை உங்கிட்ட எப்படி ஒத்துக்கிறது? நீயா வந்துருச்சுன்னு கத்தின... எப்படியோ வந்துருச்சு, பேரை நாம வாங்கிக்கலாம்னு விட்டுட்டேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அந்தக் குரலுக்கு நான் சொன்ன பதில்தான் என் காதில் ஓடிக்கொண்டிருந்தது.

"எப்ப கூப்பிட்டாலும் வர்றேன் சார்."