மரவாழை மேல் விழுந்த பழி

பூதப்பாண்டியில் எங்கள் வீட்டு அடுப்புக்கு விறகு பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில் வரும். நான் கல்யாணமாகி வந்த புதிதில், அப்படி வந்த கிளை ஒன்றில் இரண்டு செடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தடித்த இலை, சுண்டுவிரல் மொத்தத்தில் வெள்ளை வேர். மலையடிவாரத்தில் இருக்கும் என் பிறந்த ஊரில் இதை மரவாழை என்போம். உயரத்தில் தொங்கும் அதன் பூவைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருக்கிறேனே தவிர, கிட்டத்தில் பார்த்ததில்லை. ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று அடுப்புக்குப் போக இருந்ததைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

முதல் செடியைத் தொட்டியில் செம்மண்ணும் சாணிப்பொடியும் போட்டு நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர். புது மாப்பிள்ளைக்குக்கூட அப்படி உபசாரம் நடந்திருக்காது. வேர் கூழாகி அழுகிப்போனது. காற்றில் கிடந்து பழகியதை மண்ணுக்குள் அடைத்து மூச்சு முட்ட வைத்திருக்கிறேன்.

இரண்டாவதை முற்றத்துப் பலாவில், எங்கள் பேச்சில் சக்கை மரத்தில், தென்னைநாரால் கட்டினேன். இளவெயில் படும், உச்சி வெயில் படாது. வேரில் தண்ணீர் தெளிப்பேன். காய்ந்த பிறகுதான் மறுபடி. நனைந்தால் அந்த வெள்ளை வேர் கண் முன்னாலேயே பச்சையாகும். அதைப் பார்ப்பதற்காகவே இல்லாத வேலையை உண்டாக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போவேன்.

அந்த வருஷம் பார்த்து சக்கைப் பிஞ்செல்லாம் கறுத்து உதிர்ந்தது. மாமியார் தன் கையால் வைத்து வளர்த்த மரம் அது. நேராக என் செடியைக் காட்டினார்.

“ஏட்டி, இது புல்லுருவியாக்கும். மரத்துக்க சத்தையெல்லாம் இதுதான் உறிஞ்சுது. நாளைக்கே சுரண்டி எறிஞ்சிருவேன்.”

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஆனால் அவர் சொல்வது சரியாக இருந்தால்? ஒரு வேரை மெதுவாகக் கிளப்பிப் பார்த்தேன். பட்டை முழுசாக இருந்தது. புல்லுருவி என்றால் மரத்துக்குள் இறங்கியிருக்கும். கூப்பிட்டுக் காட்டினேன்.

“கண்ணுக்குத் தெரியாம உறிஞ்சும்” என்றார்.

“அப்போ பட்ட மரத்தில கெட்டுதேன், அத்தை. அங்க உறிஞ்ச என்ன இருக்கு? செத்தா நீங்க சொன்னதுதான் சரி.”

கிணற்றடியில், தண்ணீர் இறைக்கும் துலாவை எடுத்த பிறகும் அதைத் தாங்கிய காய்ந்த மரக்கால் நின்றது. அதில் கட்டினேன். இலைகள் சுருங்கின. தினமும் காலையில் பயந்துகொண்டேதான் போய்ப் பார்ப்பேன். மழை இல்லாத மாதங்களில் தண்ணீரைக் குறைத்தேன். வேர் நுனியில் பச்சை துளிர்த்ததும் கூட்டினேன்.

மாசியில் கும்பப்பூ அறுப்பு முடிந்து நெல் அவித்தோம். நிழலாக இருக்கட்டும் என்று முந்தின வருஷம்தான் மாமியார் அந்த அடுப்பைச் சக்கை மரத்தடிக்கு மாற்றியிருந்தார். செடி இல்லாமலும் அந்த வருஷமும் பிஞ்சு உதிர்ந்தது.

வைகாசியில் இடவப்பாதி மழை தொடங்கியதும் மரக்காலில் பூங்குலை இறங்கியது. வெள்ளையில் ஊதாப்புள்ளி, அணில் வால் மாதிரி நெருக்கமாக. சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியார் வந்து மரக்காலை நகத்தால் சுரண்டினார். உளுத்த தூள் கொட்டியது.

“அப்போ சக்கைக்கு என்னவாக்கும் கேடு?”

கேட்டுக்கொண்டே மரத்தடிக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அடுப்புக்குப் பக்கத்தில், அண்டாவிலிருந்து நெல் அவித்த கொதிதண்ணீரைச் சாய்க்கும் இடத்தில், மண்ணுக்கு மேலே தெரிந்த வேர்கள் வெந்து தோல் உரிந்து கிடந்தன. மாமியார் குனிந்து ஒரு வேரைத் தடவினார்.

“நானேல்லா ஊத்தியிருக்கேன்” என்றார்.

குத்திக்காட்ட ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் பாவமாக இருந்தது, விழுங்கிவிட்டேன்.

மறுநாள் அடுப்புக் கற்கள் தொழுவத்துப் பக்கம் போயிருந்தன. மாமியார் கையில் தென்னைநாரோடு நின்றார்.

“ஏட்டி, அந்தச் செடியைக் கொண்டா. எனக்க மரத்தில கெட்டுவோம்.”

“பூ முடியட்டும் அத்தை. இப்போ அசைச்சா வாடிப்போகும்.”

நாரைச் சுருட்டி வாசல் ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு தினமும் காலையில் எனக்கு முன்னால் கிணற்றடிக்குப் போனது அவர்தான்.